கிக்ஸ்டார்ட்டர் மினியேச்சர்: எதற்குக் காசு போடலாம், எதை விட்டுவிடலாம்

மினியேச்சர் என்பது மேசை விளையாட்டுக்கும் பெயிண்ட் அடிக்கவும் செய்யும் சின்ன உருவம். அதைத் தயாரிக்க முன்கூட்டியே மக்களிடம் காசு திரட்டும் கிரவுட்ஃபண்டிங் பக்கத்தைத் திறந்ததும் முதலில் வந்து நிற்பது ரெண்டர், அதாவது கம்ப்யூட்டர் படம்தான். சாம்பல் நிறத்தில், செதில் செதிலாக, திரையை அடைத்துக்கொண்டு ஒரு டிராகன். அதைத் தாண்டிப் பக்கத்தைக் கீழே இழுத்து ஒரே ஒரு படத்தைத் தேடுங்கள். வார்த்து எடுத்த மினி, பெயிண்ட் படாமல், பக்கத்தில் ஒரு ஸ்கேலோ எல்லோருக்கும் தெரிந்த வேறொரு மினியோ வைத்து எடுத்த போட்டோ. அது இருக்கிறதா இல்லையா என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

காரணம் சொல்கிறேன். ஒரு மினி உங்கள் கைக்கு வருவதற்குள் படம் வரைவது, கம்ப்யூட்டரில் செதுக்குவது, மாஸ்டர் பிரிண்ட் எடுப்பது, மோல்ட் (அச்சு) செய்வது, வார்ப்பது, பேக் செய்வது, கப்பலேற்றுவது என்று ஏழு கட்டம் இருக்கிறது. ரெண்டர் என்பது இரண்டாவது கட்டம். மீதி ஐந்தையும் உங்கள் காசில்தான் கடக்கப் போகிறார்கள். கம்ப்யூட்டர் திரையில் 0.3 மி.மீ. தடிமனுள்ள வாள் அழகாகத்தான் தெரியும். அச்சில் அது நிரம்பாது, நிரம்பினாலும் பெட்டியில் உடையும். முகத்தில் தெரியும் தழும்பும் சுருக்கமும் 28 மி.மீ. உயர உருவத்தில் பெயிண்டுக்கு அடியில் போய்விடும். வார்த்த மினியின் போட்டோ இருந்தால் இந்தச் சிக்கல்களை எல்லாம் அவர்கள் ஏற்கெனவே சந்தித்துத் தீர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 3டி பிரிண்ட் எடுத்த மாஸ்டரின் போட்டோ அதற்கு அடுத்த நிலை. வெறும் ரெண்டர் மட்டும் என்றால், நீங்கள் காசு கொடுப்பது ஒரு எண்ணத்துக்கு.

அடுத்து, எந்தப் பொருளில் செய்யப் போகிறார்கள்? இதைப் பக்கத்தில் தெளிவாக எழுதாத திட்டத்துக்குக் காசு போடவே வேண்டாம். 'உயர்தர பிளாஸ்டிக்' என்று மட்டும் எழுதியிருந்தால் கமென்ட்டில் கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

ஹார்டு பிளாஸ்டிக் என்றால் பாலிஸ்டைரீன். ஸ்டீல் அச்சில் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்துகிறார்கள். விவரம் கூர்மையாக வரும், பிளாஸ்டிக் சிமென்ட்டில் ஒட்டும், அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் விழும் மோல்ட் கோட்டைக் கத்தியால் சுரண்டினால் சுத்தமாகப் போகும். ஆனால் அச்சு இரண்டு பாதியாகத்தான் திறக்கும். உள்பக்கமாக வளைந்த இடம் இருந்தால் உருவம் அச்சிலேயே மாட்டிக்கொள்ளும். அதனால் உருவத்தைத் துண்டு போட வேண்டும். ரெண்டரில் ஒரே உடம்பாக நிற்கிற வீரன் ஸ்ப்ரூவில் (துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தில்) எட்டுத் துண்டாக வருவது இதனால்தான். ஸ்ப்ரூவின் வரைபடத்தையோ போட்டோவையோ காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு உருவத்துக்கு எத்தனை துண்டு என்று எண்ணி, உங்களுக்கு வேண்டிய எண்ணிக்கையால் பெருக்குங்கள். முப்பது வீரர்கள், ஆளுக்கு எட்டுத் துண்டு என்றால் 240 துண்டுகளை வெட்டிச் சுரண்டி ஒட்ட வேண்டும். அந்த வேலை பிடிக்கும் என்றால் மட்டும் போங்கள்.

போர்டுகேம்களில் வருவது பெரும்பாலும் பிவிசி. ஒட்டி முடித்தே வரும், கீழே விழுந்தாலும் உடையாது. பதிலுக்கு விவரம் கொஞ்சம் மழுங்கியிருக்கும், ஈட்டியும் வாளும் வளைந்து வரும். வளைந்ததைக் கொதிக்கும் சூட்டிலுள்ள தண்ணீரில் அரை நிமிடம் முக்கி, நிமிர்த்திப் பிடித்து, உடனே ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். மெல்லிய ஈட்டி சில வாரங்களில் திரும்பவும் வளையக்கூடும். அதை வெட்டி எறிந்துவிட்டுப் பித்தளைக் கம்பி வைப்பதுதான் நிரந்தர வழி. பிளாஸ்டிக் சிமென்ட் இதில் ஒட்டாது, சூப்பர் குளூதான். அரம் போட்டால் பிசிறு கிளம்பும். புது பிளேடால் சீவ வேண்டும். சில ஸ்ப்ரே ப்ரைமர்கள் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) இந்த மென்மையான பிளாஸ்டிக்கின் மேல் காயாமல் பிசுபிசுவென்றே இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, பிரஷ்ஷால் பூசும் ப்ரைமரை ஒரு மினியின் அடிப்பாகத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

2010-களின் தொடக்கத்தில் ரெஸ்டிக் என்று ஒரு கலவை புழங்கியது. மோல்ட் கோட்டை எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். இப்போது அந்த இடத்துக்கு சியோகாஸ்ட் வந்திருக்கிறது. வார்லார்டு கேம்ஸ் என்ற மினி கம்பெனி 'வார்லார்டு ரெசின்' என்று விற்பது இதுதான். விவரம் நன்றாக வருகிறது. கொஞ்சம் வளையும் தன்மை உண்டு, மோல்ட் கோடு எடுக்கப் பொறுமை வேண்டும்.

என் கணிப்பில் கையில் பிடிக்கிற பொருளாக வரும் திட்டங்களில் ஆபத்து மிகக் குறைந்தவை சின்ன மெட்டல் திட்டங்கள். வரலாற்றுப் போர்வீரர்கள், பத்துப் பதினைந்து உருவங்கள், பிரிட்டனில் ஓரிருவர் நடத்தும் சிறு கம்பெனி என்ற வகை. வல்கனைஸ் செய்த ரப்பர் தட்டில் மோல்ட், அதைச் சுழற்றி வார்ப்பது. மோல்ட் செலவு குறைவு, வெளியூர் தொழிற்சாலை வேண்டாம், மறு வாரமே வார்க்கலாம். இவர்களில் பலர் கிரீன் ஸ்டஃப் என்ற பச்சைக் கலவையில் கையால் செதுக்கிய உருவத்தையே பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பச்சை நிற மாஸ்டர் இருக்கிறது என்றால் செதுக்கும் வேலை முடிந்தது என்று பொருள். ஒரே குறை எடை. தபால் செலவு ஏறும்.

கையால் வார்க்கும் ரெசினில் (ஊற்றினால் இறுகும் திரவப் பிளாஸ்டிக்கில்) கணக்குப் போட்டுப் பார்க்காமல் இறங்கக்கூடாது. சிலிகான் மோல்ட் சில டஜன் வார்ப்புக்குள் கிழிந்துவிடும். நாற்பது வார்ப்பு தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 500 பேர் சேர்ந்திருக்கிறார்கள், ஆளுக்கு இருபது வேறுவேறு உருவம். ஒவ்வொரு உருவத்துக்கும் 500 வார்ப்பு, அதாவது பதின்மூன்று மோல்ட். இருபது உருவத்துக்கு 260 மோல்ட், பத்தாயிரம் வார்ப்பு. குமிழி விழுந்தவை கழிவு. அத்தனையையும் ஒருவரே ஆறு மாதத்தில் செய்து தருவதாகப் பக்கத்தில் எழுதியிருந்தால், அந்தத் தேதியை நம்ப வேண்டாம்.

பணக் கணக்கையும் இதே மாதிரி நீங்களே போட முடியும். நூறு டாலருக்கு நாற்பது வேறுவேறு ஹார்டு பிளாஸ்டிக் மினி தருவதாகச் சொல்கிறார்கள், 500 பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று ஒரு கற்பனைக் கணக்கு வைப்போம். வசூல் 50,000 டாலர். கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுக்கும், கார்டு கட்டணம் இன்னொரு 3 முதல் 5 சதவீதம். மிச்சம் 45,000 சொச்சம். ஒரு ஸ்ப்ரூவுக்கு ஐந்து உருவம் என்றால் எட்டு ஸ்டீல் அச்சு. ஒரு அச்சுக்கு 8,000 டாலர் என்று குறைவாகவே போட்டாலும் 64,000. இன்னும் ஒரு மினி கூட அச்சாகவில்லை, பெட்டி இல்லை, கப்பல் இல்லை. காசு இப்போதே போதவில்லை. இப்படி ஒரு பக்கம் கண்ணில் பட்டால் மூன்றில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்: அச்சு முன்பே வெட்டியாகிவிட்டது, அல்லது வேறு முதலீடு இருக்கிறது, அல்லது அவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை. முதல் இரண்டில் ஒன்று என்றால் அதைப் பெருமையாகப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். எழுதவில்லை என்றால் மூன்றாவதுதான்.

இலக்குத் தொகையை வேண்டுமென்றே குறைத்து வைப்பது வழக்கம். 'ஐந்து நிமிடத்தில் நிதி சேர்ந்தது' என்று பேனர் போடலாம் என்பதற்காக. அதனால் இலக்கை எட்டியது என்பதைச் சான்றாக எடுக்காதீர்கள். உற்பத்திக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்ற மேலே சொன்ன கணக்கோடு, வந்திருக்கும் தொகையை ஒப்பிடுங்கள்.

இங்கே ரீப்பர் மினியேச்சர்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டெக்சஸில் உள்ள டென்டன் நகரக் கம்பெனி. 2012-ல் 'போன்ஸ்' என்ற பிளாஸ்டிக் வரிசைக்காக 30,000 டாலர் கேட்டார்கள். 17,744 பேர் சேர்ந்து 34 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். நூறு டாலர் 'வாம்பையர்' பிளெட்ஜில் (ஆதரவாளர் தருவதாக ஒப்புக்கொள்ளும் தொகை) ஸ்ட்ரெட்ச் கோல், அதாவது வசூல் கூடக்கூடச் சேர்க்கும் கூடுதல் பொருள், ஏற ஏற, கடைசியில் இருநூறுக்கும் மேற்பட்ட மினிகள். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் மூழ்கிப் போயிருப்பார்கள். ரீப்பர் தாமதமாகவேனும் கொடுத்து முடித்தது. அந்த உருவங்களில் பெரும்பாலானவை அவர்களே பல வருடங்களாக மெட்டலில் விற்றுக்கொண்டிருந்தவை. செதுக்க வேண்டிய வேலை இல்லை. அச்சு மட்டும்தான் மீதி. அதற்கான காசும் வந்துவிட்டது. ஸ்ட்ரெட்ச் கோலைப் பார்க்கும்போது கேட்க வேண்டியது இதைத்தான்: இந்த உருவம் ஏற்கெனவே செதுக்கப்பட்டதா, இனிமேல்தானா? இனிமேல் என்றால் ஒவ்வொரு ஸ்ட்ரெட்ச் கோலும் உங்கள் தேதியைத் தள்ளிப்போடும். துணியில் அச்சடித்த மேப், டைஸ், நாவல், வீடியோகேம் என்று மினிக்குச் சம்பந்தமில்லாதவற்றைச் சேர்க்கிற ஸ்ட்ரெட்ச் கோல்கள் இன்னும் மோசம். ஒவ்வொன்றுக்கும் தனித் தொழிற்சாலை, தனித் தாமதம்.

மினிகளோடு வரும் 'கிங்டம் டெத்: மான்ஸ்டர்' என்ற போர்டுகேம் இன்னொரு பாடம். முதல் சுற்றில் 20 லட்சம் டாலருக்கு மேல் வந்தது, 2013 நவம்பரில் தருவதாகச் சொன்னார்கள், 2015-ல் வந்தது. வந்த ஹார்டு பிளாஸ்டிக் அருமையாக இருந்தது என்பதால் 2016 நவம்பரில் தொடங்கிய இரண்டாவது சுற்றுக்கு 1.2 கோடி டாலருக்கும் மேல் குவிந்தது. அதில் தருவதாகச் சொன்ன விரிவாக்கங்களுக்காக மக்கள் அதற்குப் பிறகும் பல வருடம் காத்திருந்தார்கள். தரமான பொருளைத் தருகிற படைப்பாளியும் தேதியில் தவறுவார் என்பதை ஏற்றுக்கொண்டுதான் இந்த வகையில் நுழைய வேண்டும். சொன்ன காலத்தை இரண்டால் பெருக்குங்கள். அத்தனை மாதம் கழித்துப் பெட்டி வந்தாலும் இதே ஆசையோடு பிரிப்பீர்களா என்று பாருங்கள். விளையாட ஆள் வேண்டும் என்கிற விளையாட்டு என்றால், அந்த நண்பர்கள் அதுவரை அதே ஊரில் இருப்பார்களா என்பதும் கேள்வி.

பிரபலமான பெயரை வாடகைக்கு எடுத்த திட்டம் என்றால் உரிமம் எப்போது முடிகிறது என்று கேளுங்கள். பல்லேடியம் புக்ஸ் 2013-ல் 'ரோபோடெக் ஆர்பிஜி டாக்டிக்ஸ்' விளையாட்டுக்கு 14 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. முதல் தவணை 2014-ல் போனது. ரோபோக்கள் பொடிப்பொடித் துண்டுகளாக வந்தன, ஒட்டுவதற்கே பெரும்பாடு. இரண்டாவது தவணை தள்ளித் தள்ளிப் போய், 2018-ல் உரிமம் முடிந்தது. அத்தோடு அந்தத் தவணை வரவே இல்லை. ஒரே பிளெட்ஜை இரண்டு தவணையாகத் தருகிற திட்டங்களில் நீங்கள் ஆசைப்பட்ட மினி எந்தத் தவணையில் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். இரண்டாவதில் இருந்தால் ஆபத்து பல மடங்கு.

படைப்பாளியின் பழைய வரலாற்றைப் பார்ப்பது சுலபம், ஆனால் பலரும் தவறான இடத்தில் பார்க்கிறார்கள். நடந்துகொண்டிருக்கும் திட்டத்தின் கமென்ட்டில் உற்சாகம் மட்டும்தான் இருக்கும். படைப்பாளியின் பெயரைத் தட்டி, அவர்களுடைய பழைய திட்டங்களின் கமென்ட்டைத் திறங்கள், புதியவை மேலே இருக்கும். 'எப்போது வரும்' என்ற கேள்வி நிரம்பியிருக்கிறதா, 'வந்தது, நன்றாக இருக்கிறது' என்பவை இருக்கின்றனவா? அப்டேட்களின் தேதிகளைப் பாருங்கள். கெட்ட செய்தியையும் மாதம் தவறாமல் எழுதுகிறவர்களை நம்பலாம். நான்கு மாத மௌனத்துக்குப் பிறகு புதுத் திட்டத்தின் விளம்பரமே அப்டேட்டாக வந்திருந்தால் விலகுங்கள்.

கொடுத்து முடிக்காத திட்டங்கள் எத்தனை நிலுவையில் இருக்கின்றன என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். ஒன்று சரி. இரண்டு பெரிய கம்பெனிக்குச் சரி. நான்கைந்து என்றால் புதிய காசு பழைய கடனுக்குப் போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிதிக் கேம்ஸ் 'டார்கெஸ்ட் டஞ்சன்' விளையாட்டுக்கு 2020-ல் 50 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிவிட்டு, 2022-ல் செலவு கூடிவிட்டது என்று ஆதரவாளர்களிடமே மறுபடியும் பணம் கேட்டது. கம்பெனி பெரிது என்பது காப்பீடு ஆகாது.

கப்பல் கட்டணம் இந்தக் கதைகளில் அடிக்கடி வரும் வில்லன். ட்ரூரி நிறுவனத்தின் சரக்குக் குறியீட்டில் 40 அடி கன்டெய்னர் 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. அதற்கு இரண்டு வருடம் முன்பு இரண்டாயிரத்துக்கும் கீழே இருந்தது. தபால் செலவையும் சேர்த்து முன்கூட்டியே ஒரே தொகையாக வாங்கியவர்கள் அப்போது மாட்டிக்கொண்டார்கள். 2025 ஏப்ரலில் சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா போட்ட வரி 145 சதவீதம் வரை போனபோதும் இதே நெருக்கடி. அதனால் இன்று பெரும்பாலானவர்கள் தபால் கட்டணத்தைப் பொருள் தயாரான பிறகு பிளெட்ஜ் மேனேஜரில் (திட்டம் முடிந்தபின் முகவரியும் மீதிக் காசும் வாங்கும் பக்கத்தில்) வசூலிக்கிறார்கள். இது நமக்கும் நல்லதுதான், ஆனால் இறுதி விலை முதலில் தெரியாது. பக்கத்தில் நாடு வாரியான கட்டண மதிப்பீடு இருக்கிறதா, இந்தியா அதில் தனியாக இருக்கிறதா, 'மற்ற நாடுகள்' என்ற கடைசி வரிக்குள் போய்விட்டதா என்று பாருங்கள். கடைசி வரி என்றால் மதிப்பீட்டின் மேல் எல்லையையே எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்களுக்குச் சுங்கம் தனிக் கணக்கு. சுங்க வரிப் பட்டியலில் பொம்மைகளுக்கான 9503 தலைப்பில் அடிப்படை வரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023 பட்ஜெட்டில் 70 சதவீதமாகவும் ஏறியது. வரி பொருளின் விலைக்கு மட்டும் கிடையாது, தபால் செலவையும் சேர்த்துத்தான். நூறு டாலர் பெட்டி, நாற்பது டாலர் தபால், இரண்டையும் முழுசாகச் சேர்த்து 9503-ல் போட்டால் 140-க்கு 70 சதவீதம், 98 டாலர். அதற்கு மேல் ஜிஎஸ்டி. போக, 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) சான்று கட்டாயம். அந்த உத்தரவு 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருளுக்கானது. ஆகவே பெட்டியிலும் இன்வாய்ஸிலும் '14 வயதுக்கு மேல்' என்று இருக்குமா, எந்தத் தலைப்பில் அனுப்புவார்கள் என்று படைப்பாளியிடம் முன்பே எழுதிக் கேளுங்கள். போர்டுகேம் என்றால் 9504-ல் போடுவார்கள். கடைசியில் எந்தத் தலைப்பு என்று தீர்மானிப்பது சுங்க அதிகாரிதான். 'பரிசு' என்று எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள், 2019 டிசம்பருக்குப் பிறகு பரிசுக்கான வரிச்சலுகை என்ற வழி அடைபட்டுவிட்டது.

இதனால்தான் ரெசின் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு எஸ்டிஎல் (3டி பிரிண்ட் ஃபைல்) திட்டங்களைத் தயங்காமல் சொல்கிறேன். வருவது ஃபைல். மோல்ட் இல்லை, கப்பல் இல்லை, சுங்கம் இல்லை. பல திட்டங்களில் ஃபைல்கள் சீக்கிரமே வந்துவிடும். இங்கே பார்க்க வேண்டியவை வேறு. சப்போர்ட் (பிரிண்ட் ஆகும்போது உருவத்தைத் தாங்கும் கம்பிகள்) போட்டே தருகிறார்களா? அதைப் பரிசோதித்ததற்கு அடையாளமாக, சப்போர்ட்டோடு பிளேட்டில் தொங்கும் பிரிண்டின் போட்டோ இருக்கிறதா? பெரிய உருவங்களை எந்த அளவுக்கு வெட்டியிருக்கிறார்கள்? 129 x 80 மி.மீ. பிளேட் உள்ள சின்ன பிரிண்டர் என்றால் டிராகனின் இறக்கை அதில் அடங்க வேண்டும். உள்ளே குடைந்த உருவங்களில் வடிகால் துளை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காயாத ரெசின் உள்ளேயே தங்கி, சில வாரம் கழித்து வெடிப்பு விட்டுக் கசியும். துண்டுகள் சேரும் குமிழுக்கும் குழிக்கும் இடையே 0.1 முதல் 0.2 மி.மீ. இடைவெளி விட்டிருக்க வேண்டும், விடாவிட்டால் ஒவ்வொன்றையும் அரத்தால் தேய்க்க வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் ஒரே நாளில் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. நல்ல எஸ்டிஎல் படைப்பாளிகள் ஒரு சாம்பிள் ஃபைலை இலவசமாகத் தருவார்கள். அதை அவர்கள் போட்ட சப்போர்ட்டோடு, எதையும் மாற்றாமல், 0.05 மி.மீ. லேயரில் பிரிண்ட் எடுங்கள். விரல்கள் முழுசாக வந்தனவா, சப்போர்ட்டைப் பிய்க்கும்போது முகத்தில் பள்ளம் விழுகிறதா, வாள் நிற்கிறதா என்று பாருங்கள். சாம்பிளே தராதவர்களை விட்டுவிடலாம். சாம்பிள் தருபவர்களே இப்போது ஏராளம். அறுபது ஃபைல் நாற்பது டாலர் என்ற கணக்கில் மயங்காமல், அதில் எத்தனையை நிஜமாகவே பிரிண்ட் எடுப்பீர்கள் என்று எண்ணி, நாற்பதை அந்த எண்ணால் வகுங்கள். எட்டு என்று வந்தால் ஒன்றுக்கு ஐந்து டாலர். அதே ஃபைல்கள் பின்னால் கடையில் தனித்தனியாக அந்த விலைக்கே கிடைக்கும். பிரிண்ட் எடுத்து விற்க நினைத்தால் சாதாரண பிளெட்ஜ் போதாது, வணிக உரிமம் உள்ள பிளெட்ஜ் தனியாக இருக்கும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. 28 மி.மீ. என்று இருவர் சொன்னால் இரண்டும் ஒன்றல்ல. சிலர் பாதத்திலிருந்து கண் வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலை வரை. தலையும் கையும் பெரிதாக இருக்கும் ஹீரோயிக் பாணி வேறு. உங்களிடம் உள்ள படையோடு சேர்த்து நிறுத்த வேண்டும் என்றால் ஒப்பீட்டுப் படம் இல்லாமல் போகாதீர்கள்.

எல்லாம் பார்த்தும் மனசு முடிவுக்கு வராவிட்டால், பக்கத்தைச் சேமித்து வையுங்கள். முடிய 48 மணி நேரம் இருக்கும்போது கிக்ஸ்டார்ட்டர் மெயில் அனுப்பும். அதற்குள் ஸ்ட்ரெட்ச் கோல்கள் என்ன, கேள்விகளுக்குப் பதில் வந்ததா என்பது தெரிந்திருக்கும். முதலில் வருபவர்களுக்கான ஏர்லி பேர்டு சலுகை இருந்தால் முதல் நாளே பிளெட்ஜ் போட்டு இடத்தைப் பிடித்து வைக்கலாம், முடிய ஒரு நாள் இருக்கும்வரை தடையில்லாமல் ரத்து செய்ய முடியும், காசு திட்டம் முடிந்த பிறகுதான் எடுப்பார்கள். பல திட்டங்களில் ஒரு டாலர் பிளெட்ஜே போதும், கமென்ட் போடவும் பின்னால் பிளெட்ஜ் மேனேஜரில் நுழையவும் இடம் கிடைக்கும். அங்கே அப்போதைய தபால் கட்டணத்தைப் பார்த்துவிட்டு முழுத் தொகையைக் கட்டலாம். ஆனால் ஒரு டாலருக்கு அந்தச் சலுகை உண்டா என்று பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.

திட்டம் முடிகிற நாளில் கார்டில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை ஆன் ஆகியிருக்க வேண்டும், வரம்பும் போதுமானதாக இருக்க வேண்டும். இந்திய வங்கிகள் இதை இயல்பாக ஆஃப் செய்தே வைத்திருக்கும். காசு எடுப்பது தோற்றால் சரிசெய்ய ஏழு நாள் தருவார்கள். அதற்கான மெயில் விளம்பர மெயில்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடும். அந்த வாரம் மெயிலைத் தேடிப் பாருங்கள். ஏழு நாள் தாண்டினால் பிளெட்ஜ் போய்விடும்.